பேச்சு விளங்கும் ஹோம் தியேட்டர்: யாழ்ப்பாணத்து ஹோலுக்கு, அளவான காசில்

"என்ன கதைக்கினம் எண்டே விளங்கேல்லை, தம்பி. சத்தத்தைக் கூட்டு." கூட்டுவேன். அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வரும். "ஐயோ, குறை, குறை!" எங்கள் வீட்டில் படம் பார்ப்பது நெடுநாளாக இப்படித்தான் நடந்தது. ரிவி 55 அங்குலம், படம் கண்ணாடி போல. ஆனால் அதன் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் கீழேயும் பின்சுவரையும் பார்த்தபடி இருக்கின்றன. அதிலிருந்து வரும் பேச்சு அம்மாவின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. நான் ஹோம் தியேட்டர் தேடத் தொடங்கியது அந்தப் பேச்சுக்காகத்தான். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எதில் காசை இறுக்கிப் பிடிப்பது என்று கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான்.

கடைக்குப் போக முன் ஹோலை அளங்கள்

ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி போதும். நீளம், அகலம், கூரை உயரம், ரிவியிலிருந்து கதிரைக்கு உள்ள தூரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹோல் 14 அடிக்கு 12 அடி. ஒரு பக்கம் கதவில்லாமல் விறாந்தைக்குத் திறக்கிறது. இப்படித் திறந்திருந்தால் விறாந்தையையும் அறையின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். தாழ்ந்த சத்தத்துக்கு, அதாவது "பூம்" என்ற பேஸ் ஒலிக்கு, சுவர் இல்லாத இடம் எல்லாம் ஒரே அறைதான்.

அடுத்து, ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் "டிர்ர்" என்று ஒரு வால் கேட்டால் அறை எதிரொலிக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்கும்: டைல்ஸ் அல்லது சீமெந்து நிலம், பூசிய சுவர், உயர்ந்த கூரை, துணி என்று சொல்ல ஒரு ஜன்னல் சீலை மட்டும். பேச்சைக் குழப்புவதில் இந்த எதிரொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் நிலத்தில் தடித்த கம்பளம் ஒன்று, பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த சீலை ஒன்று. இவை இரண்டும் போட்ட பிறகு மறுபடி கை தட்டிப் பாருங்கள். நான் செலவழித்த காசில் மிகக் குறைவான காசுக்கு மிகப் பெரிய மாற்றம் தந்தது இதுதான்.

காது உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கதிரையில் இருப்பவரின் காது நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றேகால் அடியில் இருக்கும், பாயில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டரை அடி. ஸ்பீக்கர் வைக்கும் உயரம் இதை வைத்துத்தான் தீர்மானமாகும்.

காசைப் பிரிக்கும் முறை

கையில் உள்ள தொகையை நூறு பங்காக வைத்தால், முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கும் (இடம், வலம், நடு) சேர்த்து 45, சப்வூஃபருக்கு (தாழ்ந்த சத்தத்துக்கென்று உள்ள தனி ஸ்பீக்கர்) 25, ரிசீவருக்கு (ரிவியின் சத்தத்தை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) 25, வயருக்கும் மின் பாதுகாப்புக்கும் 5. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டுக்கும் இப்போது ஒன்றும் ஒதுக்க வேண்டாம். இது என் கணக்கு. சிலர் ரிசீவருக்குக் கூடக் கொடுக்கச் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரிசீவர் சில வருடங்களில் பழசாகிவிடும். புதிய வகை இணைப்பு வந்தால் மாற்ற மனம் வரும். நல்ல ஸ்பீக்கர் 20 வருடம் ஓடும்.

ஒரே நாளில் ஐந்து ஸ்பீக்கரும் வாங்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் ஐந்தையும் மட்டமாக வாங்குகிறார்கள். முன்பக்கம் மூன்று, சப் ஒன்று. இதை 3.1 என்பார்கள். படத்தின் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. இசையும் சத்தங்களும் முன்பக்க இரண்டிலும் பரவும். பின்பக்கம் வருவது மழை, கூட்டம், தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகொப்டர். அது அடுத்த வருடம் வந்தாலும் பரவாயில்லை.

"5000 வோட்ஸ் அண்ணை"

கடைக்குப் போனால் முதலில் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டுவார்கள். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு சப், எல்லாம் ஒரே விலை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. 5000 வோட்ஸ். அந்த பி.எம்.பி.ஓ. என்பதற்கு எந்த நியமமும் கிடையாது. கம்பனி விரும்பிய எண்ணைப் போடலாம். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக்கால் 230 வோல்ட்டில் மொத்தமே 2990 வோட்தான் எடுக்க முடியும். பெட்டியைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 80 வோட், 100 வோட் என்று உண்மையில் அது இழுக்கும் மின்சாரம் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவும் கசெற்றும் கேட்ட ஊர் இது. சைக்கிள் டைனமோ வழக்கமாகத் தருவது 6 வோல்ட், 3 வோட். அந்த 3 வோட்டில் விறாந்தை முழுக்கப் பாட்டுக் கேட்டது. இன்றைக்கும் அதே கணக்குத்தான். பத்து அடி தூரத்தில் இருந்து சாதாரண சத்தத்தில் படம் பார்க்கும்போது ஒரு ஸ்பீக்கர் எடுப்பது ஒரு வோட்டிலும் குறைவு. வெடிக்கிற கணத்தில் அதைவிட 20 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூட வேண்டும், அப்போதுதான் நூறு மடங்கு தேவைப்படும். அதற்கு நல்ல 50, 60 வோட் போதும்.

பெட்டிச் செட்டில் இன்னொரு சிக்கல், அதன் ஸ்பீக்கர்களைப் பிறகு வேறு ரிசீவரில் போட முடியாது. பல செட்டுகளில் அவை 3 ஓம், 4 ஓம் (மின்தடையின் அளவு) ஆக இருக்கும், அதன் சப்புக்குத் தனியாக மின்சாரமும் இருக்காது. ஒரு பாகம் பழுதானால் முழுச் செட்டும் மூலையில் கிடக்கும். தனித்தனியாக வாங்கினால் பழுதானதை மட்டும் திருத்தலாம், மாற்றலாம்.

ஸ்பீக்கர் தெரிவு

12 அடி, 14 அடி ஹோலுக்கு ஆள் உயர டவர் ஸ்பீக்கர் தேவையில்லை. ஐந்தேகால் அல்லது ஆறரை அங்குல கோன் (முன்னால் அதிரும் கூம்பு) உள்ள புத்தகத்தட்டு வகை போதும். தாழ்ந்த சத்தத்தைச் சப் பார்த்துக்கொள்ளும்.

லேபிளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று சென்சிட்டிவிட்டி, டெசிபலில் இருக்கும். ஒரு மீற்றர் தூரத்தில், ஒரு வோட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் இரண்டு மடங்கு வோட் வேண்டும். ஜே.பி.எல். ஸ்டேஜ் ஏ130க்குக் கம்பனி சொல்வது 86 டெசிபல், கிளிப்ஷ் ஆர்51எம் வகைக்கு 93. வித்தியாசம் 7 டெசிபல், அதாவது ஒரே சத்தத்துக்கு முதலாவது ஐந்து மடங்கு வோட் கேட்கும். இதற்காக ஏ130 மோசம் என்று அர்த்தமில்லை. கம்பனிகள் அளக்கும் விதமும் ஒன்றல்ல. ஆனால் 84, 85க்குக் கீழே போனால் மலிவான ரிசீவர் திணறும். மற்றது ஓம். 8 அல்லது 6 என்று இருக்கட்டும். 4 ஓம் ஸ்பீக்கரை ஆரம்ப விலை ரிசீவரில் போட்டால் அது சூடாகும்.

நடு ஸ்பீக்கரைக் கட்டாயம் அதே கம்பனியின் அதே வரிசையில் வாங்குங்கள். ஒரு ஆள் திரையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் கதைத்துக்கொண்டே நடந்தால் குரல் மாறக்கூடாது. காசு போதவில்லை என்றால் பக்க ஸ்பீக்கர்களில் ஒரு படி இறங்குங்கள், நடுவில் இறங்க வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு: புத்தகத்தட்டு ஸ்பீக்கர் ஒரே வகையில் மூன்று கிடைத்தால், மூன்றாவதை ரிவிக்குக் கீழே நிமிர்த்தியே வைக்கலாம். படுக்க வைக்கும் மலிவான நடு ஸ்பீக்கர் பலவற்றில் பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்குக் குரல் மெலிந்து கேட்கும்; இந்த முறையில் அந்தக் குறை இல்லை.

கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடும் பாட்டில் மயங்கவேண்டாம். பென்டிரைவில் உங்களுக்குப் பழக்கமான செய்தி வாசிப்பு ஒன்றையும் பெண் குரலில் ஒரு கீர்த்தனையையும் கொண்டுபோங்கள். செய்தியில் 'ச', 'ஸ' ஒலிகள் காதைக் குத்துகின்றனவா, ஆண் குரல் குடத்துக்குள் இருந்து கதைப்பது போல இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த ஸ்பீக்கர் பேச்சுக்கு நல்லது.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். றப்பர் என்றால் நல்லது. பஞ்சு போன்ற ஃபோம் என்றால் நம் ஈரக்காற்றில் உதிர்ந்து போயிருக்கும். இரண்டு பெருவிரலாலும் கோனை மெதுவாக, சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே சுருள் வளைந்திருக்கிறது, வேண்டாம்.

ரிசீவர்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

வோட் கணக்கில் இங்கும் கவனம் தேவை. சோனி எஸ்.டி.ஆர். டி.எச். 590 என்ற ஒரே ரிசீவருக்கு 145 வோட் என்றும் சொல்லலாம், 90 வோட் என்றும் சொல்லலாம். ஒரு சனல் (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி வழி) மட்டும், ஒரே சுருதியில், கூடிய திரிபோடு (ஒலி கெடும் அளவு) அளந்தால் 145. இரண்டு சனலும் ஓட, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை (20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்), குறைந்த திரிபோடு அளந்தால் 90. எப்போதும் இரண்டாவது எண்ணைத் தேடுங்கள். அது 60, 70 என்று இருந்தாலே நம் ஹோலுக்குத் தாராளம்.

கட்டாயம் வேண்டியவை நான்கு. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருந்தால் ரிவியின் சத்தம் ஒரே கேபிளில் ரிசீவருக்கு வரும். சப்புக்கென்று தனி வெளியீடு. மைக் வைத்து அறையை அளக்கும் வசதி. யமஹாவில் வைபாவோ, டெனனில் ஓடிசி என்று பெயர். நான்காவது, இரண்டு சனல் சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி. பழைய ரிசீவர்களில் டொல்பி புரோ லொஜிக் 2, புதியவற்றில் டொல்பி சரவுண்ட். பழைய படங்கள், கேபிள் சனல்கள் போன்ற நாம் பார்க்கும் பல விஷயங்கள் வெறும் ஸ்டீரியோதான். இந்த வசதி இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய நடு ஸ்பீக்கர் சும்மா இருக்கும்.

டொல்பி அட்மோஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச் செய்யும் முறை) இப்போது வேண்டாம். கூரையில் ஸ்பீக்கர் பூட்டாமல், ஓட்டுக் கூரை வீட்டில் சத்தத்தை மேலே அடித்துத் தெறிக்க வைக்கும் வகை சரிவராது. அதற்குத் தட்டையான, தாழ்ந்த கூரை வேண்டும்.

வெளிநாட்டுச் சாமான் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து சித்தப்பா கார்கோவில் ஒரு ரிசீவர் அனுப்பினார். நல்ல சாமான், அவர் கையால் துடைத்து, பழைய துவாயில் சுற்றி அனுப்பியது. பின் மாற்றும் அடப்டரைப் போட்டு பிளக்கில் செருகினேன். "டப்" என்று ஒரு சத்தம், பிறகு வார்னிஷ் கருகும் மணம். உள்ளே பிரதான ட்ரான்ஸ்ஃபோர்மர் போய்விட்டது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின் மாற்றும் அடப்டர் வோல்டேஜை மாற்றாது. அனுப்பியவருக்குச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

ஆகவே, கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் என்ன வேண்டும் என்று கேட்டால், மின்சாரம் தேவையில்லாத சாதாரண ஸ்பீக்கர்களைக் கேளுங்கள். அவற்றுக்கு எந்த நாட்டு வோல்டேஜும் ஒன்றுதான். ரிசீவரும் சப்பும் இலண்டன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே பக்கமிருந்து வரட்டும், அங்கே 230 வோல்ட். 120 வோல்ட் சாமான் ஏற்கனவே வந்துவிட்டால் முதலில் பின்பக்கத்தில் 115/230 மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில சப்களில் இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் தேவை. லேபிளில் உள்ள வோட்டைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். அது வோல்டேஜை மட்டுமே குறைக்கும்; 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாமான் நம் 50இல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகலாம். காற்றோட்டமான இடத்தில் வைத்து, முதல் சில நாட்கள் தொட்டுப் பாருங்கள்.

சப்வூஃபர்

எங்கள் அளவு ஹோலுக்கு 10 அங்குலம், தன் சொந்த அம்ப்ளிஃபயர் உள்ளதாக. 8 அங்குலம் பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும், படத்துக்குக் கொஞ்சம் இளைத்துவிடும். 12 அங்குலம் ஒழுங்கைக்கு அப்பால் உள்ள வீட்டுக்கும் கேட்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறதா என்று யோசிக்க வேண்டியது நம் பொறுப்பு. தாழ்ந்த சத்தம் மதிலைத் தாண்டும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 344 மீற்றர். 14 அடி, அதாவது 4.27 மீற்றர் நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் அலையின் பாதி சரியாக அடங்கும். அதனால் அந்தச் சத்தம் சுவரோரம் வீங்கும், அறையின் நட்ட நடுவில் காணாமல் போகும். கதிரையைச் சரியாக நடுவில் போடாதீர்கள். பின்சுவரோடு ஒட்டியும் போடாதீர்கள். நடுவுக்கும் சுவருக்கும் இடையில் வைத்தால் நல்லது.

சப்புக்கு நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி. சப்பை எடுத்து நீங்கள் இருக்கும் கதிரையிலேயே வையுங்கள். ஒரே சுருதியில் நடக்கும் தாழ்ந்த இசை ஒன்றைப் போட்டுவிட்டு, நிலத்தில் முழங்காலில் ஊர்ந்து சுவரோரமாகச் சுற்றி வாருங்கள். ஒரு மூலையில் "பூம்" என்று வீங்கும், ஓரிடத்தில் மெலிந்து போகும், ஓரிடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். அந்தத் தெளிவான இடத்தில் சப்பை வையுங்கள். எங்கள் வீட்டில் அது ரிவிக்கு வலப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி.

அப்புறம் ஷோகேஸ். அம்மாவின் கண்ணாடி ஷோகேஸில் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன. சப் ஓடிய முதல் இரவு ஏதோ ஒரு வண்டு ரீங்காரம் போலக் கேட்டது. சப் பழுது என்றே நினைத்தேன். கையை ஒவ்வொரு கண்ணாடியிலும் வைத்துப் பார்த்தபோது மேல் தட்டு இழுவைக் கண்ணாடி சட்டத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. சைக்கிள் ட்யூபில் வெட்டிய சின்னத் துண்டு இரண்டை இடையில் செருகினேன், நின்றுவிட்டது. ஜன்னல் கொண்டிகளையும் இப்படிப் பாருங்கள்.

வயர்

ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போதும், 30 அடி வரைக்கும் கவலையில்லை. தங்க நிற வயர் என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஆனால் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம் கடைகளில் உண்டு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் வேண்டாம். கடற்காற்று படும் ஊரில் வெறும் செம்பு பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள்.

சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கர் மாறிப் பூட்டினால் பேச்சு நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். சந்தேகம் இருந்தால், வயரின் மறுமுனையை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பற்றரியின் பிளஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் முன்னுக்கு வந்தால் சரி.

எல்லாம் பூட்டிய பிறகு

பக்க ஸ்பீக்கர்கள் கதிரையிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு பக்கமும் 25, 30 பாகை விலகி, கொஞ்சம் உள்நோக்கித் திரும்பி இருக்கட்டும். மூன்று ஸ்பீக்கரின் ட்வீட்டரும் (உயர்ந்த சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்குக் கிட்ட. நடு ஸ்பீக்கர் ரிவிக்குக் கீழே தாழ்ந்த மேசையில் இருந்தால் முன்பக்கம் ஒரு றப்பர் துண்டு வைத்து முகத்தை மேலே நிமிர்த்துங்கள். மேசை விளிம்போடு ஒட்டி வையுங்கள், உள்ளே தள்ளினால் மேசைப் பரப்பில் பட்டுப் பேச்சு மங்கும்.

ரிவி அமைப்பில் சத்தம் பி.சி.எம். என்று இருந்தால் ஏ.ஆர்.சி. வழியாக இரண்டு சனல் மட்டுமே வரும். பிட்ஸ்ட்ரீம் அல்லது ஓட்டோ என்று மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஸ்டீரியோவில் பார்ப்பவர்கள் உண்டு.

மைக்கைக் கதிரையில் காது உயரத்தில், கமரா ஸ்டாண்டில் வையுங்கள். மேலே சுழலும் ஃபேன், கிணற்று மோட்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளக்கவிடுங்கள். சப்பின் சத்தத் திருகாணி பாதியில், அதன் சொந்த கிரொஸோவர் (எந்தச் சுருதிக்குக் கீழே சப்புக்குப் போகவேண்டும் என்ற எல்லை) திருகாணி கடைசி வரைக்கும் திறந்து. அளந்து முடிந்ததும் ரிசீவர் முன் ஸ்பீக்கர்களைப் பெரியவை என்று போட்டிருந்தால் சிறியவை என்று மாற்றி, கிரொஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் தூரம் நாடாவில் அளந்ததைவிடக் கூடக் காட்டினால் மாற்ற வேண்டாம், அது சப்பின் உள்ளே ஆகும் தாமதத்தையும் சேர்த்த கணக்கு.

"ம்ம்ம்" என்று விடாமல் ஒரு இரைச்சல் வந்தால் ரிவிக்கு வரும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றம் அந்த வயரில். இன்வேர்ட்டரில் ஓட்டும்போது மட்டும் இரைந்தால் அது மலிவான இன்வேர்ட்டரின் சதுர அலை. கரண்ட் வரும்வரை அதில் ரிசீவரைப் போடாதீர்கள்.

மின்னல் காலத்தில், சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், முழக்கம் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது. கேபிள் வயர், டிஷ் வயர், இன்டர்நெட் வயர் மூன்றும் கூட. மின்னல் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை 2 டெசிபல் கூட்டி, ஸ்டீரியோப் படம் என்றால் டொல்பி சரவுண்டைப் போட்டு, இரவு நேர முறையை (பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) இயக்கி, வீட்டில் வயதில் மூத்தவரை நடுக் கதிரையில் இருத்துங்கள். ஒரு படத்தில் இரண்டு பேர் மெதுவாகக் கதைக்கும் காட்சி ஒன்றைப் போட்டு, என்ன கதைத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு சொல் தவறினால் இன்னும் ஒரு டெசிபல். எங்கள் வீட்டில் மூன்றில் நின்றது. அன்றைக்கு அம்மா ரிமோட்டைக் கேட்கவில்லை, படத்தில் வந்த மாமியாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தா.